நூற்று நாற்பத்தோராவது வரி

1

இந்தக் கதை என் அக்காவுடையது. எனக்குக் கொடு என்று கேட்டபோது, நிறுத்திவைத்த காரின் ஸ்டியரிங்கில் நெற்றியைச் சாய்த்தபடி, "எடுத்துக்கோ. எனக்கு அதை வெச்சுக்க இடமில்ல" என்றாள்.

அவள் வேலையே இடம் ஒதுக்குவதுதான். வேடிக்கையாகச் சொல்கிறாள் என்று நினைத்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. என்னைப் பல் டாக்டரிடம் கூட்டிப்போக வந்தவள், வண்டியை விட்டு இறங்காமல் நாற்பது நிமிடம் பேசினாள். டாக்டர் கொடுத்த நேரம் போயே போய்விட்டது. பல் இன்னும் வலிக்கிறது. ஒரு பக்கமாக மென்றுகொண்டுதான் இதை எழுதுகிறேன். கதையில் எங்காவது சிடுசிடுப்பு தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா இரண்டு நிபந்தனைகள் போட்டாள். தன்னை நல்லவளாகக் காட்டக் கூடாது. சர்வர் அறையைப் பற்றிக் கவிதை எழுதக் கூடாது.

நான் முதலில் எழுதிய தொடக்கம்: "குளிர்ந்த அந்த நீலக் கூடத்தில் ஆயிரம் சிறு விளக்குகள் கண் சிமிட்டி—"

அடித்துவிட்டேன். அக்கா அந்தக் கூடத்துக்குள் கால் வைத்தே இரண்டு வருஷம் ஆகிறதாம். அவள் பார்ப்பதெல்லாம் அட்டவணை. வரிசை வரிசையாக எண்கள்.

2

வி.எம். என்றால் என்னவென்று ஒரே பத்தியில் சொல்லிவிட்டுக் கதைக்குள் போய்விடலாம் என்று உட்கார்ந்தேன். நான்கு நாள் ஆயிற்று.

சர்வர் என்பது பெரிய கணினி. முழுவதையும் ஒருவருக்கே கொடுத்தால் பாதிக்கு மேல் சும்மா கிடக்கும். அதனால் மென்பொருளை வைத்து அதைக் கூறு போடுகிறார்கள். ஒவ்வொரு கூறும் தன்னை ஒரு முழுக் கணினி என்றே நினைத்துக்கொள்கிறது. அந்தக் கூறுதான் வி.எம். பாடப்புத்தகத்தில் மெய்நிகர் இயந்திரம் என்று இருக்கும். அலுவலகத்தில் அப்படிச் சொன்னால் ஒரு மாதிரி பார்ப்பார்கள். ஒரு சர்வருக்குள் இருபது வி.எம். இருக்கலாம், நாற்பது இருக்கலாம். எதை எங்கே வைப்பது என்று முடிவு செய்யும் நிரலை எழுதியது அக்காவின் குழு. கொஞ்சம் சர்வர்களுக்குள் நிறைய அடைத்தால் மற்றவற்றை அணைத்துவைக்கலாம். மின்சாரம் மிச்சம், சூடும் குறைவு. அளவுக்கு மீறி அடைத்தால் உள்ளே இருப்பவை ஒன்றையொன்று நெருக்கும்; எதற்கும் தன் முறை சரியாகக் கிடைக்காது.

பஸ் மாதிரி என்று எழுதினேன். அக்கா படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"பஸ் இல்லடி. பஸ்ல நிக்கிறவனுக்குத் தான் நிக்கிறோம்னு தெரியும். வி.எம்முக்குத் தெரியாது. உக்காந்துக்கிட்டு இருக்கறதாவே நினைச்சுக்கும்."

விடுதி அறை மாதிரி என்று மாற்றினேன்.

"விடுதின்னா வார்டன் ஒரு தடவையாவது முகத்தைப் பார்ப்பாரு. நான் யாரைப் பார்த்தேன்?"

உவமையே வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.*

(* ஒன்றை மட்டும் அக்கா ஆசையாகச் சொன்னாள். ஓடிக்கொண்டிருக்கும் வி.எம்மை ஒரு சர்வரிலிருந்து இன்னொரு சர்வருக்கு மாற்றலாமாம். அதன் நினைவகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புது இடத்தில் நகலெடுத்துக்கொண்டே வந்து, கடைசியில் கண் இமைக்கும் நேரம் மட்டும் நிறுத்தி, அங்கே ஓடவிடுவார்கள். பயன்படுத்துகிறவருக்கு இடம் மாறியதே தெரியாது. "மொத தடவ அது சரியா நடந்தப்ப நான் எழுந்து கை தட்டினேன்" என்றாள். பதினாறு வருஷத்துக்கு முன்பு. இப்போது ஒரு நாளைக்கு முந்நூறு நடக்கிறது. யாரும் எழுந்திருப்பதில்லை.)

3

அக்காவுக்கு நாற்பத்தாறு வயது. கழுத்தெலும்புத் தேய்மானம் வந்ததிலிருந்து, யாராவது கூப்பிட்டால் நாற்காலியோடு திரும்புவாள். வேலை முடிந்து வீட்டு வாசலுக்கு வந்தும் காரிலேயே கால் மணி நேரம் உட்கார்ந்திருப்பாள். அத்தான் மூன்றாம் மாடி பால்கனியில் நின்று காரின் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். இறங்கிப் போய்க் கண்ணாடியைத் தட்டக் கூடாது என்பது கல்யாணமாகி இருபது வருஷத்தில் அவர் கற்றுக்கொண்டது.

அவர்கள் நிறுவனத்தில் மூன்று கூடங்கள். வெயில் ஏறத் தொடங்கிய வாரத்தில் இரண்டாம் கூடத்தின் குளிரூட்டும் இயந்திரம் படுத்துவிட்டது. புதிது வந்து பொருத்த ஆறு வாரம். அதுவரை அந்தக் கூடத்து சர்வர்களை அணைத்தாக வேண்டும். அவற்றில் இருந்த நாலாயிரத்துச் சொச்சம் வி.எம்களை மற்ற இரண்டு கூடங்களில் எப்படியாவது திணித்தாக வேண்டும்.

ஒவ்வொரு சர்வரிலும் ஐந்தில் ஒரு பங்கைக் காலியாக விடுவது அக்கா வைத்த விதி. அந்த விதியோடு நிரலை ஓட்டினாள். இடம் பற்றவில்லை; முப்பத்தெட்டு சர்வர் குறைந்தது. மறுபடி ஓட்டினாள். முப்பத்தெட்டேதான்.

மேலாளருக்கு அலுவலகத்தில் 'ஆகட்டும் சார்' என்று பெயர். எதைச் சொன்னாலும் அப்படித்தான் முடிப்பார். அக்காவைவிட ஆறு வயது சின்னவர்.

"மேடம், அந்த இருபது சதவீதத்தை அஞ்சாக்கினா உள்ள போயிடுமா?"

"போயிடும் சார். ஆனா நெருக்கும்."

"எப்பவுமேவா?"

"எப்பவும் இல்ல. எல்லாம் ஒண்ணா முழிச்சுக்கிட்டா."

"முழிச்சுக்குமா?"

"எப்படிச் சொல்றது? நாம பார்க்கறது கடைசி முப்பது நாள் சராசரி. சராசரியில பாத்தா எல்லாமே தூங்கிட்டுத்தான் இருக்கும்."

"ஆகட்டும் மேடம். ஆறே வாரந்தானே."

அக்கா இன்னும் ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். வாதாடப் பிடிக்கவில்லை. தலையாட்டினாள்.

[இந்த இடத்தில் நான் மேலாளரை வில்லனாக்கியிருந்தேன். வழுவழுப்பான குரல், பேசும்போது போனைப் பார்க்கும் பழக்கம், எல்லாம் கொடுத்திருந்தேன். அக்கா பேனாவை வாங்கி அந்தப் பத்தியின் குறுக்கே கோடு கிழித்தாள். "அவரும் மூணு நாளா அதே சட்டையோட அங்கதான் கிடந்தாரு. உனக்கு ஒரு கெட்டவன் வேணும்னா வேற கதையில தேடிக்கோ."]

4

இனி கதை அக்கா இல்லாத ஓர் அறைக்குப் போகிறது. இதெல்லாம் அவளுக்குப் பின்னால் தெரிந்தது. எனக்கு அவள் சொல்லித் தெரிந்தது.

பிரசவ அறை. காலை பத்து மணி. கட்டிலில் ஒரு பெண், வயது முப்பது. கண்ணாடிக் கடைக்கு லென்ஸ் தேய்த்துக் கொடுப்பவர். பிறவியிலேயே காது கேளாதவர். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கம்பியில் பலகைக் கணினி ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். அதன் திரையில், நகரத்தின் இன்னொரு மூலையில் ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்த சைகை மொழிபெயர்ப்பாளர். மருத்துவர் பேசுவதை அவர் கைகளால் சொல்வார். லென்ஸ் தேய்ப்பவர் கைகளால் கேட்பதை அவர் வாயால் சொல்வார். ஒன்பது பேர் வேலை செய்யும் சின்ன நிறுவனம் அது. வாரத்தில் பத்துப் பதினைந்து அழைப்பு வந்தால் அதிகம். மற்ற நேரமெல்லாம் அவர்களுடைய வி.எம். சும்மா இருக்கும்.

அன்று அது இருந்த அதே சர்வரில் வேறு மூன்று வி.எம்கள் இருந்தன. முப்பது நாளாக அவையும் சும்மாதான் இருந்தன. மூன்றும் தேர்வு வாரியத்துடையவை. பத்து மணிக்குப் பரீட்சை முடிவுகள் வெளியாயின.

லட்சக்கணக்கான பிள்ளைகள் ஒரே நிமிடத்தில் தங்கள் எண்ணைத் தட்டினார்கள். (அவர்களைக் குறை சொல்ல முடியுமா? நீங்களும் நானும் தட்டியவர்கள்தானே.) மூன்று வி.எம்களும் ஒரே சமயத்தில் முழித்துக்கொண்டு சர்வரை உறிஞ்சின. நான்காவதற்கு மூச்சு விட இடமில்லை. திரையில் மொழிபெயர்ப்பாளரின் முகம் வாய் பாதி திறந்தபடி நின்றுவிட்டது.

நெருக்கடி வந்தால் வி.எம்மை வேறு சர்வருக்கு மாற்ற ஒரு தானியங்கி ஏற்பாடு இருந்தது. ஆனால் மாற்றுவதற்கு எங்காவது இடம் இருக்க வேண்டும். இருந்ததே ஐந்து சதவீதம். தேடித் தேடி இடம் கண்டுபிடிக்கப் பதினொரு நிமிடம் ஆயிற்று.

அந்தப் பதினொரு நிமிடத்தில் குழந்தையின் இதயத் துடிப்பு இறங்கியது. உடனே அறுவைச் சிகிச்சை என்று மருத்துவர் முடிவெடுத்தார். எல்லோரும் முகக்கவசம் போட்டிருந்ததால் லென்ஸ் தேய்ப்பவரால் உதட்டசைவைப் படிக்கவும் முடியவில்லை. ஒரு நர்ஸ் தாளில் ஏதோ எழுதிக் காட்டினார். வலியில் எழுத்து கண்ணில் நிற்கவில்லை. கட்டிலைத் தள்ளிக்கொண்டு ஓடும்போது, லென்ஸ் தேய்ப்பவர் தன் வயிற்றைக் காட்டி, குழந்தையைக் கையில் ஏந்துவது போலக் காட்டி, கண்ணால் கேட்டார். நர்ஸுக்குக் கேள்வி புரிந்தது. பயப்படாதே, ஒண்ணுமில்லை என்று சொல்ல நினைத்து, நாமெல்லாம் செய்வது போலவே கையை விரித்து இப்படியும் அப்படியும் ஆட்டினார்.

ஒண்ணுமில்லை.

லென்ஸ் தேய்ப்பவர் அதை அப்படியே எடுத்துக்கொண்டார். குழந்தை இல்லை. மயக்க மருந்து ஏறும்போது அவர் மனதில் இருந்தது அதுதான்.

5

குழந்தை பிழைத்தது. நல்ல எடை. இதை அடுத்த பக்கம் வரை இழுத்தடிக்கும் கெட்டிக்காரத்தனம் எனக்கும் தெரியும். உங்களை அப்படிப் படுத்த மனமில்லை.

இதுவரை எழுதியதை அக்காவிடம் கொடுத்தேன். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தாள். அத்தான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள். "ஆனா பொய்."

"எது பொய்?"

"எல்லாம் நெசம். மொத்தமாப் பாத்தா பொய். இதைப் படிச்சா யாருக்கும் என் மேல கோவம் வராது. முப்பத்தெட்டு சர்வர் குறைஞ்சது, மேலாளர் கேட்டாரு, பாவம் அவ என்ன பண்ணுவான்னு போயிடுவாங்க."

"வேற என்ன நடந்துச்சு?"

அவள் அத்தானின் முதுகைப் பார்த்தாள். அத்தான் குழாயை நிறுத்தினார். அவருக்கும் அது அப்போதுதான் தெரியப்போகிறது என்று எனக்குப் புரிந்தது.

நடந்தது இதுதான். அஞ்சு சதவீதம் என்று முடிவானதும், அக்காவே ஒரு பாதுகாப்பு ஏற்பாடு செய்திருந்தாள். மிகக் குறைவாகப் பயன்படும் வி.எம்களை நிரல் தனியாகப் பிரித்து ஒரு பட்டியலாகக் கொடுத்தது. இருநூற்று அறுபது வரி. சும்மா இருப்பது போலத் தெரிந்தாலும் ஆபத்து நேரத்துக்கென்றே இருப்பவை அதில் இருக்கலாம். ஒவ்வொன்றாகத் திறந்து, யாருடையது, எதற்கு என்று பார்த்து, முக்கியமானதை நெரிசல் இல்லாத சர்வருக்கு ஒதுக்க வேண்டும். வேறு யாரிடமும் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. தானே பார்க்கிறேன் என்று எடுத்துக்கொண்டாள்.

பட்டியலைப் பார்த்த நாள், சாயங்காலம் நாலு மணி. காலையிலிருந்து பார்த்துக்கொண்டே வந்தாள். ஒரு நூலகம். மூடிப்போன ஒரு செருப்புக் கடையின் பழைய தளம். யாரோ சோதனைக்கு வைத்து மறந்துபோனது. நூற்று நாற்பத்தொன்று வரை ஒன்றுகூட முக்கியமானது இல்லை. கழுத்து நெருப்பாக எரிந்தது. பட்டியலை ஒரு தடவை கீழே வரை உருட்டிப் பார்த்தாள். எல்லாம் ஒரே மாதிரி எண்கள்.

"எல்லாத்தையும் தேர்ந்தெடுன்னு மேல ஒரு கட்டம் இருக்கும்" என்றாள் அக்கா. "அதைத் தட்டினேன். எதுவும் முக்கியமில்ல, சரின்னு போட்டேன். பைய எடுத்துக்கிட்டு வீட்டுக்கு வந்துட்டேன். கார்ல உக்காந்திருந்தேன்."

மொழிபெயர்ப்பு நிறுவனம் நூற்று எழுபத்து மூன்றாவது வரியில் இருந்தது.

அத்தான் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தார். "அன்னிக்கு நான் மேலேர்ந்து பாத்துட்டுத்தான் இருந்தேன்" என்றார்.

(இங்கே ஒரு பத்தி இருந்தது. களைப்பைப் பற்றி, நம் காலத்தைப் பற்றி, யாரும் யாரையும் பார்க்காத— போதும். எடுத்துவிட்டேன்.)

6

விசாரணை அறிக்கையில் 'காரணம்' என்று ஒரு கட்டம். ஆகட்டும் சார் அக்காவின் மேஜைக்கே வந்து நின்றார்.

"எதிர்பாராத பளுன்னு போட்டுடுங்க மேடம். அது பொய்யும் இல்ல."

"அந்த லிஸ்ட்டை நான் முழுசாப் பாக்கல சார்."

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "அதை யாரும் கேக்கலையே."

"அதான் சார் பிரச்சினை."

அக்கா அந்தக் கட்டத்தில் எழுதினாள்: இருநூற்று அறுபதில் நூற்று நாற்பத்தொன்றை மட்டும் சரிபார்த்தேன். மற்றவற்றைப் பார்க்காமலே ஒப்புதல் கொடுத்தேன். கீழே தன் பெயரைப் போட்டாள். மேலாளர் அதைப் படித்தார். பிறகு, காலி விடுவதை ஐந்தாகக் குறைக்கச் சொன்னது தான்தான் என்று அடியில் ஒரு வரி சேர்த்து, தானும் கையெழுத்துப் போட்டார். இதை எழுதும்போது, முதலில் அவருக்குக் கொடுத்த அந்த வழுவழுப்பான குரலை நினைத்து எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

அறிக்கை மேலே போனது. அக்கா காத்திருந்தாள். ஒரு வாரம். இரண்டு வாரம். வேலை போகும் என்று நினைத்தாள். ஒரு கூட்டத்தில் நிற்கவைத்துக் கேட்பார்கள் என்று நினைத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் வாரம் ஒரு மின்னஞ்சல் வந்தது. பட்டியலை இனி இரண்டு பேர் சரிபார்க்க வேண்டும். 'எல்லாத்தையும் தேர்ந்தெடு' கட்டம் நீக்கப்படும். உங்கள் வெளிப்படைத்தன்மைக்கு நன்றி.

"நன்றியாம்" என்றாள் அக்கா. அன்று காரில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். அத்தான் முதல் தடவையாகக் கீழே இறங்கி வந்து, கண்ணாடியைத் தட்டாமல், மறுபக்கக் கதவைத் திறந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

யாராவது ஒருவர் தன்மேல் கோபப்பட வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. அதற்கு உரிமையுள்ள ஆள் ஒருவர்தான்.

7

கதையை ஆறாவது பகுதியோடு முடித்துவிடலாமா என்று பார்த்தேன். அத்தான் காரில் ஏறி உட்கார்ந்ததோடு முடித்தால் படிப்பவர்களுக்குப் பிடிக்கும். ஆனால் அது அத்தானைப் பற்றிய முடிவு. அக்காவுடையது ஒரு சனிக்கிழமை காலையில், லென்ஸ் தேய்ப்பவரின் வீட்டில் இருக்கிறது.

அக்கா முதலில் மொழிபெயர்ப்பாளரைத் தேடிப் போனாள். தான் யார் என்று சொன்னாள். "அன்னிக்கு நீங்க மட்டும் இல்ல" என்றார் அவர். "இங்க என் திரையும் நின்னு போச்சு. அவங்க என்ன கேட்டுக்கிட்டு இருந்தாங்கன்னே எனக்குத் தெரியல. பதினோரு நிமிஷம் என் கையை என்ன பண்றதுன்னு தெரியாம உக்காந்திருந்தேன்." லென்ஸ் தேய்ப்பவரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார். நான்கு நாள் கழித்து, வரச் சொல்கிறார் என்று செய்தி அனுப்பினார்.

சின்ன வீடு. ஜன்னலோரம் வேலை மேஜை. அதில் துணி போர்த்திய தேய்ப்பு இயந்திரம். ஐந்து வாரக் குழந்தை அம்மாவின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. கணவர் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, அங்கேயே சுவரில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவருக்கும் காது கேளாது. அவர் முகத்தில் அக்கா தேடிய கோபம் இருந்தது.

லென்ஸ் தேய்ப்பவரின் முகத்தில் அது இல்லை. தூக்கமில்லாத முகம், அவ்வளவுதான்.

அக்கா ஒன்றுவிடாமல் சொன்னாள். கூடம், ஐந்து சதவீதம், தேர்வு முடிவு, பட்டியல், சாயங்காலம் நாலு மணி, அந்தக் கட்டம். மொழிபெயர்ப்பாளர் அவளுக்கும் அந்தப் பெண்ணுக்கும் நடுவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கைகளில் சொன்னார். எண்கள் வந்த இடத்தில் மட்டும் கைகள் நிதானமாயின. 'மன்னிச்சுடுங்க' என்று அக்கா சொன்னபோது, அந்தப் பெண் ஒரு கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார்.

குழந்தையைக் கணவரிடம் கொடுத்தார். இரண்டு கையும் காலியானதும் பேசத் தொடங்கினார்.

"நானும் நாள் முழுக்கத் தேய்க்கிறேன்" என்று மொழிபெயர்ப்பாளர் அவருக்காகச் சொன்னார். "ஒரு நாளைக்கு எழுபது லென்ஸ். யாரோட கண்ணுன்னு எனக்கும் தெரியாது. சீட்டுல எண் மட்டும்தான் இருக்கும். கழுத்து எனக்கும் வலிக்கும். அதனால உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேக்கணும். ஏன் நூத்தி நாப்பத்தொண்ணுல நிறுத்தினீங்க? நூத்தி நாப்பதுல இல்ல, நூத்தி அம்பதுல இல்ல. அந்த வரியில என்ன இருந்துச்சு?"

அக்கா பதில் சொன்னாள். என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது.

எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். "அது அவங்களுக்குச் சொன்னது. உன் கதைக்கு இல்ல" என்கிறாள். அதனால் நானே எழுதிப் பார்த்தேன்.

'களைப்பா இருந்துச்சு.' உண்மைதான். ஆனால் ஐந்து வாரக் குழந்தையை வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருப்பவரிடம் அந்த வார்த்தையை எப்படிச் சொல்வது? அடித்துவிட்டேன்.

'அந்த வரியில ஒண்ணுமில்ல.' எழுதி முடித்த பிறகுதான் உறைத்தது. அந்தப் பெண்ணிடம் போய் அந்தச் சொல்லையா? மறுபடி சொல்லப்படக் கூடாத ஒரே சொல் அதுதானே. அடித்துவிட்டேன்.

'தெரியாது.' இதை மூன்று நாள் வைத்திருந்தேன். பிறகு அதில் ஒரு பந்தா இருப்பது போலப்பட்டது. எழுத்தாளர்களுக்குப் பிடித்த பதில். அடித்துவிட்டேன்.

அழுதாள் என்று எழுதலாமா என்று கேட்டேன். "எழுதிப் பாரு, கொன்னுடுவேன்" என்றாள்.

ஆகவே என்னிடம் இருப்பது அந்த அறை மட்டும்தான். கணவர் குழந்தையைத் தோளுக்கு மாற்றிக்கொள்கிறார். லென்ஸ் தேய்ப்பவர் அவசரப்படாமல் காத்திருக்கிறார். நீங்களும் எத்தனையோ பட்டியல்களைக் கடைசி வரை பார்த்திருப்பீர்கள்; சிலவற்றைப் பார்த்திருக்க மாட்டீர்கள். எந்த வரியில் நிறுத்தினீர்கள் என்பது உங்களுக்குத்தான் தெரியும். அக்காவின் இடத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள். நாற்காலி கொஞ்சம் தாழ்வாக இருக்கும்.

மொழிபெயர்ப்பாளர் உங்கள் பக்கம் திரும்புகிறார். மடியிலிருந்த இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேரே உயர்த்தி வைத்துக்கொண்டு, உங்கள் வாயைப் பார்க்கிறார்.